பேராசிரியர் பெயரில் ஓர் ஆய்வு உதவித்தொகை

எங்கள் பேராசிரியர் ஓய்வு பெற்றதும், அவர் பெயரில் முதுநிலை கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஓர் ஆய்வு உதவித்தொகை தொடங்கலாம் என்று பழைய மாணவர்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். பணம் சேர்ந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்று விதிமுறை எழுத உட்கார்ந்தபோதுதான் பேச்சு வளர்ந்தது. மதிப்பெண்ணையும் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையையும் வைத்துத் தேர்வு செய்தால் வேலை சுலபம் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு.

அவர் நோய்க்குறியியல் ஆசிரியர், அதாவது நோய் உடலுறுப்புகளில் உண்டாக்கும் மாற்றங்களைப் பற்றிய பாடம். பாதி வகுப்புகள் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில்தான் நடக்கும். ஒருமுறை இறந்துபோன கறவை மாடு ஒன்று வந்தது. தாடைக்குக் கீழேயும் நெஞ்சிலும் நீர் கோத்து வீக்கம். கழுத்துச் சிரைகள் புடைத்திருந்தன. "இதய நோய் சார்" என்றாள் என் வகுப்புத் தோழி. "பேரை அப்புறம் சொல்லும்மா. முதல்ல கண்ணுக்கு என்ன தெரியுது, கைக்கு என்ன படுது, அதைச் சொல்லு" என்றார். நிறம், அளவு, கடினம், வெட்டினால் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். இதய உறையைத் திறந்தால் நாற்றமடிக்கும் சீழ். உறையின் உட்புறம் முழுக்க தடித்த, சொரசொரப்பான மஞ்சள் படலம். அதோடு விடவில்லை. உதரவிதானத்துக்குப் பின்னால் இருக்கும் வலைப்பைக்குள், அதாவது மாட்டின் இரைப்பை அறைகளில் ஒன்றுக்குள், கையை விடச் சொன்னார். தீவனத்தோடு மாடு விழுங்கிய கம்பித் துண்டு ஒன்று அதன் சுவரைத் துளைத்து இதயத்தை நோக்கி நின்றது. "இதய நோய்" என்று எழுதிக் கூடத்தைப் பூட்டியிருந்தால் அந்தப் பண்ணைக்காரருக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. கம்பி என்று தெரிந்ததும் தீவனத்தைச் சோதிக்கச் சொல்ல முடிந்தது.

இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களால் என்ன ஆகும் என்பதற்கு அவர் அடிக்கடி சொன்ன உதாரணம் பாறு கழுகுகள். 1990-களில் தெற்காசியாவில் அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. தொற்றுநோய் என்றே பலரும் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் செத்த பறவைகளைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. அப்படியென்றால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. கிருமிகளையும் கன உலோகங்களையும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்புறம்தான் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் போய், மாடுகளுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். விடை, டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி. அந்த மருந்து கொடுக்கப்பட்டு இறந்த கால்நடைகளின் உடலைத் தின்ற கழுகுகள் செத்திருந்தன. 2004-இல் கட்டுரை வந்தது. 2006-இல் இந்தியா, கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்யும் நடவடிக்கையில் இறங்கியது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்கள் தேடுவதை நிறுத்தாததுதான்.

அந்த மாதிரித் தேடலுக்கு நேரமும் காசும் தர ஆளில்லை. பெரிய திட்டங்களுக்கு நிதி கிடைக்கும். பண்ணைக்குப் போய்வரும் செலவு, திசுவை வெட்டிச் சாயமேற்றும் செலவு, முடிவு 'இல்லை' என்று வந்தபின் இன்னும் சில மாதம் தொடர்வதற்கான செலவு, இவற்றை எந்தத் தலைப்பில் கேட்பது என்றே முதுநிலை மாணவருக்குத் தெரியாது. எனவே உதவித்தொகை இதற்குத்தான் என்று வாதாடினேன். விண்ணப்பத்தோடு, தானே செய்த பிரேதப் பரிசோதனைகளின் குறிப்பேட்டைக் கொண்டுவர வேண்டும். தொகை பெறுபவர் இளநிலை மாணவர்களைப் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு விதிகளும் ஏற்கப்பட்டன. கட்டுரை எண்ணிக்கை பற்றிய வரியையும் சிலர் விடவில்லை. சரி, அது கடைசியில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் தேர்வில் ஒரு மாணவியின் குறிப்பேடு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஓர் ஆட்டின் கல்லீரலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள், நோயின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. கடைசி வரியில், உறுதி செய்ய இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியல். தேர்வுக் குழுவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது அவள் கேட்பது, பேராசிரியர் காலத்து பாரஃபின் கட்டிகளை, அதாவது திசுத் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்த கட்டிகளை, தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று. பல ஆண்டு கழித்தும் அவற்றிலிருந்து புதிதாக மெல்லிய சீவல்கள் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பாதிக்கு மேல் லேபிள் மங்கிப்போய்க் கிடக்கின்றன. அவற்றைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பட்டியல் போடவும், நல்ல அலமாரி வாங்கவும் தொகை ஒதுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.