ஆயிரம் கல்லுக்குக் கணக்கு

காரைக்குடி வட்டாரத்தில் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அரிசி மில், ஆத்தங்குடிக் கல் பட்டறை, மரக்கடை என்று பல இடத்து நோட்டும் என் கைக்கு வந்திருக்கிறது. வேதாகமத்தில் படித்த அநியாயத்தை முகத்துக்கு நேரே பார்த்தது ஒரு செங்கல் காளவாசலில்தான்.

அங்கே சீசன் தொடங்குமுன் குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை கையில் கிடைப்பது செலவுக்காசு மட்டும். மீதி முன்பணத்தில் கழியும். புருஷன் பெண்சாதி இருவரும் விடியுமுன் எழுந்து மண் மிதித்துக் கல் அறுக்கிறார்கள். நோட்டிலோ ஆம்பளை பெயர் மட்டும். கோடைமழை அடித்தால் சுடாத பச்சைக்கல் கரைந்துபோகும், கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'மழை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே முன்பணப் பாக்கி, பைசா குறையாமல்.

"மழ பேஞ்சது எங்க குத்தமாக்கா? அறுத்தது அறுத்ததுதானே?" என்று கேட்டாள் கல் அறுக்கிற ஒரு பெண்.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் அப்படியே என் முன்னால் இருந்தது. எகிப்து ராஜா பார்வோன், செங்கல் அறுக்கிற இஸ்ரவேல் அடிமைகளுக்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான். செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. அந்த அதிகாரத்தில் அடி பிறகுதான் விழுகிறது, கொடுமை முதலில் கணக்கில் ஏறிவிடுகிறது. கர்த்தர் அந்த ஜனங்களிடம் பொறுத்துப்போகச் சொல்லி மோசேயை அனுப்பவில்லை. பார்வோனிடம், என் ஜனங்களைப் போகவிடு என்று சொல்ல அனுப்பினார். நம் சபைகளில் கூலிக்காரருக்குச் சமாதானம் தாரும் என்று ஜெபிக்கிறோம், கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. அன்றன்றைக் கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்கிறது உபாகமம் 24.

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமைக்குக் காரணமான கடனே செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய வேலைதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலாளியும் சபைக்காரர். கோயில் மதிலுக்கு இலவசமாகக் கல் கொடுத்தவர். அதனாலேயே அவரிடம் நேராகச் சொன்னேன்: "அண்ணே, கரைஞ்ச கல்லுக்கும் கூலி போடுங்க. பொம்பளைங்க பேரையும் எழுதுங்க. இல்லைன்னா இந்தக் கணக்குல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மழைக்கு நானாம்மா பொறுப்பு?"

"அவங்களும் இல்லண்ணே. நஷ்டத்தைத் தாங்குற சக்தி யாருக்கு இருக்கு?"

கோபமாக எழுந்து போனார். யோயாக்கீம் ராஜா கூலி கொடாமல் வேலை வாங்கிக் கேதுரு மாளிகை கட்டியதையும், ஏழைக்கு நியாயம் விசாரிப்பதுதான் என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொன்னதையும் எரேமியா 22இல் குறித்து அவருக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த சம்பளத்தில் கரைந்த கல்லுக்குப் பாதிக் கூலி வந்தது. பெண்கள் பெயரும் நோட்டில் ஏறியது. பாதி போதாது என்பதையும் சொல்லிவிட்டேன். சீசன் முடிந்ததும் பாக்கியைக் காட்டி எந்தக் குடும்பத்தையாவது நிறுத்திவைத்தால், நோட்டின் நகலோடு தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவேன் என்பது அவருக்குத் தெரியும்.