அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் உஸ்தாத்களிடம் பழகக் கற்றுக்கொண்டு போங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளில் படித்துக்கொண்டே ராணுவத்தில் அதிகாரியாகச் சேர முயலும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி வந்து பேசுகிறார்கள். எந்தப் புத்தகம் படிக்க வேண்டும், கட் ஆஃப் எவ்வளவு இருக்கும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகத் தேர்வான எஸ்எஸ்பியில் என்ன கேட்பார்கள், கண்ணாடி போட்டிருந்தால் எடுப்பார்களா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் சென்னை அகாடமிக்குள் நுழைந்த முதல் நாளே எதிரில் வந்து நிற்கப்போகிற உஸ்தாதை, அதாவது பயிற்சி தரும் ஹவில்தாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து வருஷம் சர்வீஸ் பார்த்தவர் அவர். உங்கள் அளவுக்குப் பட்டப்படிப்பு இல்லாதவராக இருக்கலாம். உங்கள் தோளில் நட்சத்திரம் ஏறிய நாளிலிருந்து உங்களுக்கு சல்யூட் அடிக்க வேண்டியவர். அதுவரைக்கும் உங்களைப் புழுதியில் புரட்டி எடுக்கப்போகிறவரும் அவரே. படிப்பும் உடம்பும் கச்சிதமாக இருந்த பிள்ளைகள்கூட அவரிடம் பழகத் தெரியாமல் தடுமாறியதை என் பயிற்சிக் காலத்தில் பார்த்தேன். பிறகு ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய கால அதிகாரிப் பணியில், இருந்த வருஷங்களிலும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வு. அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதற்கு வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்க யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை வரும். சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலம், பொது அறிவு என்று தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள் எழுதினால் போதும், கணக்குத் தாள் கிடையாது. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியான ஐஎம்ஏ வேண்டுமென்றால் கணக்கும் எழுத வேண்டும். தவறான பதிலுக்கு அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் வட்டம் போடாதீர்கள். என்சிசியில் சி சான்றிதழை பி கிரேடாவது வாங்கி, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே எஸ்எஸ்பிக்குப் போகும் வழியும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்வது இந்த வழியைத்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஓடிஏ இருப்பது பரங்கிமலையில். பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் நேரே போய்விடலாம். 1963-இல் தொடங்கிய இடம். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சிக் காலம் 49 வாரம். அந்த 49 வாரமும் நீங்கள் கேடட். இன்னும் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், வாங்காதவர், ஆகவே அதிகாரி இல்லை. சிப்பாயும் இல்லை. ஆனால் அதிகாரியாகப் போகிறவர் என்பது உங்களுக்கும் தெரியும், கற்றுக்கொடுக்கிறவருக்கும் தெரியும். பயிற்சியில் வரும் உரசல்களில் பாதிக்கு இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் காரணம்.

படிநிலையை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். அதற்கு மேல் ஜேசிஓக்கள், அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்கள்: நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அதற்கு மேல்தான் லெப்டினன்ட் தொடங்கி அதிகாரிகள். புத்தம் புது லெப்டினன்ட்கூடப் பதவியில் சுபேதார் மேஜரைவிட மேலே. சட்டம் அப்படி. ஆனால் அந்த சுபேதார் மேஜர் சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு பட்டாலியனில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் அந்த இடத்துக்கு வந்தவர். கமாண்டிங் ஆபீசரே படைவீரர்கள் சம்பந்தப்பட்ட எதையும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார். அவரை ‘எஸ்எம் சாப்’ என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். மற்ற ஜேசிஓக்களை ‘சாப்’ என்று சொல்லாமல் வெறும் பெயர் சொல்லி எந்த அதிகாரியும் கூப்பிட மாட்டார். அகாடமியில் பயிற்சி தரும் ஹவில்தார் உங்களுக்கு உஸ்தாத்.

டிரில், பிடி, ஆயுதப் பயிற்சி மூன்றிலும் உங்கள் நாளில் பெரும்பகுதி உஸ்தாத்கள் கையில்தான். டிரில் உஸ்தாதின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. சாவ்தானில், அதாவது விறைப்பாக, நிற்கும்போது கட்டைவிரல் பேன்ட் தையல் கோட்டை விட்டு அரை அங்குலம் விலகியிருந்தால் மூன்றாவது வரிசையில் நிற்பவரைக்கூடச் சொல்லிவிடுவார். அதற்கு ரகடா, அதாவது உடம்பை வருத்தும் தண்டனை, உண்டு. ‘சாப், ஃபிரன்ட் ரோல் ஷுரு கீஜியே’ என்று மரியாதையாகவே சொல்லி, மைதானத்தின் அந்த முனைவரை உருள வைப்பார். அவர் குரலில் கோபம் இருக்காது. உருண்டு எழுந்தவர் முகத்தில் கோபம் தெரிந்தால் இன்னொரு முறை உருள வேண்டியிருக்கும்.

இதைத் தாங்குவது பெரிய விஷயமில்லை, உடம்பு பழகிவிடும். அவரிடமிருந்து கற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. துப்பாக்கி விசை இழுக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். குண்டு போடாத துப்பாக்கியோடு தரையில் குப்புறப் படுத்திருப்பீர்கள். உஸ்தாத் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, குழலின் முனையில் ஒரு ரூபாய்க் காசை வைப்பார். குறி பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்க வேண்டும். காசு விழக்கூடாது. விழுந்தால் எடுத்து மறுபடி வைப்பார். திட்ட மாட்டார். பத்தாவது முறையும் விழுந்தால் உங்கள் விரலைத் தொட்டு, எந்தக் கணுவால் இழுக்கிறீர்கள் என்று பார்த்து நகர்த்தி வைப்பார். விரலின் நுனிக் கணுவில் விசை படும்படி அவர் மாற்றி வைத்த அந்தச் சின்ன நகர்த்தலில்தான் பலருடைய குறி நேரானது. புத்தகத்தில் இது ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் எத்தனையோ பேரின் விரலைப் பார்த்த அனுபவம் இருக்கிறது.

என்னோடு பயிற்சி பெற்றவர்களில் ஒரு பொறியியல் பட்டதாரி. ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று எல்லோர் முன்னிலையிலும் உஸ்தாதை மடக்குவார். அறிவுள்ள பையன், கேட்ட கேள்விகளிலும் தவறில்லை. உஸ்தாத் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதன் பிறகு அவனுக்குத் தேவையானதை மட்டும் சொல்வார், கூடுதலாக ஒரு சொல் வராது. அதே கேள்விகளை வகுப்பு முடிந்ததும் அருகில் போய்க் கேட்டவர்களுக்குப் பத்து நிமிஷம் நின்று சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேளுங்கள், நிறையக் கேளுங்கள். கேட்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில், பின்னால் முதலாளியாகப் போகிற பையனும் பெட்டியடியில் உட்கார்ந்துதான் தொழில் பழகினான். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். சம்பளத்துக்கு இருந்த அந்தப் பெரியவர்கள் சொன்னபடி கணக்கெழுதி, ஐந்தொகை போடக் கற்ற பிறகுதான் அவன் கையில் கடை வந்தது. நாளை சொத்து யாருடையது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒருவர் கண்டித்தார், ஒருவன் கேட்டுக்கொண்டான். ஓடிஏயில் நடப்பதும் அதுதான்.

மரியாதை என்றதும் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகக் கவலை. கமிஷன் வாங்கி யூனிட்டுக்குப் போனதும், அனுபவசாலியான சுபேதார் ஒருவர் கிடைத்துவிட்டால், எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற இளம் அதிகாரிகள் உண்டு. அது மரியாதை ஆகாது, பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. ஃபயரிங் ரேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதல் முடிந்ததும் வாங்கிய குண்டு எத்தனை, சுட்டது எத்தனை, காலிக் கேஸ் எத்தனை, மிச்சம் எத்தனை என்று கணக்கு ஒத்துப்போக வேண்டும். சுபேதார் சாப் எண்ணி முடித்து, ‘எல்லாம் சரி, சார்’ என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் பொறுப்பு அதிகாரி நீங்கள். ‘சாப், நானும் ஒரு தடவை எண்ணிவிடுகிறேன்’ என்று சொல்லி, வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீங்களும் எண்ண வேண்டும். நல்ல ஜேசிஓ இதனால் வருத்தப்பட மாட்டார். இந்த ஆபீசர் தன் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுக்கிறார் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார். அடுத்த முறை அவரே பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்துவார்.

அதேபோல், அவருடைய யோசனையைக் கேளுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். ‘சாப், ஆப்கி க்யா ராய் ஹை?’, உங்கள் யோசனை என்ன என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் நடந்து முடிந்ததும் ஜவான்கள் முன்னால் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஏற்காவிட்டால் ஏன் என்று அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். தவறாகப் போனால் பழி உங்களுடையது. ‘சாப் சொன்னார், அதனால் செய்தேன்’ என்று மேலதிகாரியிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தக் கம்பெனியில் உங்கள் சொல் ஏறாது. ஹவில்தாரைக் கண்டிக்க வேண்டி வந்தாலும் அவருடைய ஆட்கள் முன்னால் கூடாது. நாளைக்கு அந்தப் பத்துப் பேரை அவர்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும்.

1987-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். சியாச்சினில் 21,000 அடி உயரத்தில் இருந்த எதிரி நிலையைப் பிடிக்க, முதலில் போன ரோந்துப் படையை நடத்திச் சென்றவர் இளம் அதிகாரி, செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே. அவர் அங்கே உயிரைக் கொடுத்தார். அடுத்த மாதம் நடந்த தாக்குதலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், ஆபரேஷன் ராஜீவ். அதில் பனிச்சுவரில் ஏறிப்போய் அந்த நிலையைக் கைப்பற்றியவர் ஒரு ஜேசிஓ, நாயப் சுபேதார் பானா சிங். பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. இன்று அந்த உச்சிக்குப் பெயர் பானா டாப். அதே வருஷம் நவம்பரில் இலங்கையில் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்றவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1972-இல் சென்னை அகாடமியில் இருந்து கமிஷன் பெற்ற தமிழர். நீங்கள் கால் தேய நடக்கப்போகிற டிரில் மைதானத்துக்கு அவர் பெயர்தான். எஸ்எஸ்பி இன்டர்வியூவில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் அதிகாரிகளை மட்டுமே அடுக்குகிறார்கள் பிள்ளைகள். பானா சிங்கையும், 1965 போரில் டாங்கிகளை வீழ்த்திய ஹவில்தார் அப்துல் ஹமீதையும் தெரிந்துகொண்டு போங்கள். இன்டர்வியூவுக்காக மட்டும் சொல்லவில்லை, யாரை வழிநடத்தப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா?

எஸ்எஸ்பியின் ஐந்து நாளிலும் இந்தப் பழக்கம் வெளியே தெரியும். செஸ்ட் நம்பர் கொடுப்பதில் தொடங்கி, மைதானத்தில் பலகையும் கயிறும் எடுத்து வைப்பது வரை ஹவில்தார்களும் ஜவான்களும்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். குழுப் பணிகளை மதிப்பிடும் அதிகாரியான ஜிடிஓ முன்னால் பவ்யமும் அவர்களிடம் அலட்சியமுமாக நடந்துகொள்ளும் ஆளைக் குழுவில் இருப்பவர்களே கண்டுகொள்வார்கள். குழுப் பணிகளில் குறைவாகப் பேசுகிறவன் சொல்லும் நல்ல யோசனையைக் காதில் வாங்கி, அதைப் பயன்படுத்தி முன்னே போகிறவர்களுக்கு, பிறகு ஜேசிஓவிடம் பழகுவதும் சிரமமாக இருப்பதில்லை.

என்சிசி வழியை ஏன் அதிகம் சொல்கிறேன் என்றால், என்சிசி பட்டாலியனில் பிஐ ஸ்டாஃப் என்று பயிற்சி தர இருப்பவர்கள் எல்லாம் ராணுவத்தில் இருந்து வந்த ஹவில்தார்களும் சுபேதார்களும்தான். கல்லூரி மைதானத்திலேயே உங்களுக்கு அவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். பரேட் முடிந்ததும் டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். துப்பாக்கி துடைக்கும்போது கூட உட்கார்ந்து துடையுங்கள். அவர் எந்த ரெஜிமென்ட், எங்கெல்லாம் போஸ்டிங் போனார் என்று கேளுங்கள். வடநாட்டுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் இந்தி ஓட ஆரம்பிக்கும். தேஜ் சல், தம், பீச்சே முட் என்ற டிரில் கட்டளைகளோடு நிற்காமல் நாலு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அகாடமியில் தமிழ்ப் பிள்ளைகள் உஸ்தாதிடம் ஒதுங்கி நிற்க மொழிதான் முதல் காரணம். அதை அவர் திமிர் என்றுகூட எடுத்துக்கொள்ளக்கூடும்.

என்சிசி இல்லாத கல்லூரியில் படிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற நாயக்காகவோ ஹவில்தாராகவோ இருப்பார். ‘உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஆபீசர் யாருண்ணே, ஏன்?’ என்று கேளுங்கள். பிடிக்காமல் போன ஆபீசரைப் பற்றியும் கேளுங்கள், பெயர் வேண்டாம், காரணம் மட்டும் போதும். வேலை நேரத்தில் நிறுத்திவைத்துக் கேட்காதீர்கள். வங்கிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்றைக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.