மைனர் நிற்கும் இடங்கள்

டிசம்பர் 27
அக்காவின் நாய் மைனர் இன்றைக்கும் சோறு தின்னவில்லை.

டிசம்பர் 28
காலையில் கதவைத் திறந்தால் கொல்லை முழுக்க வெள்ளை. கேரட் தழை, வேலிக் கம்பி, ராத்திரி வெளியே விட்டுவிட்ட என் செருப்பு, எல்லாவற்றின் மேலும் உறைபனி. இந்த வருஷம் இதுதான் முதல் என்றார் எதிர்வீட்டுக்காரர். காற்றில்லாமல், மேகமில்லாமல் ஒரு ராத்திரி போனால் பள்ளத்துத் தோட்டம் போச்சு என்று வைத்துக்கொள்ளலாமாம். குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி இறங்கித் தாழ்வில் தேங்கிவிடும். மேட்டுத் தேயிலை பெரும்பாலும் தப்பிக்கும். வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடப் பார்க்கிறார்கள்.

மைனரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். வீட்டில் சிக்னல் கிடையாது, உச்சிப் பாறையில்தான் இரண்டு கோடு வரும். அங்கிருந்து எமரால்டு அணைத் தண்ணீர் ஒரு துண்டு தெரிகிறது. போனை எடுத்ததும் அக்கா கேட்டது: "தின்னுச்சா?"

தின்றது என்றேன்.

டிசம்பர் 29
இன்று முழுக்க மணி.

கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அம்மா வழியில் நிறுத்தி, "நாய் கழுத்து மணிய மொதல்ல கழட்டுங்க தம்பி. சிறுத்தைக்குச் சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரி ஆயிரும்" என்றார். கீழ் லைன் வீடுகளில் கட்டிப் போட்டிருந்த நாய் ஒன்று காலையில் இல்லையாம். சங்கிலி மட்டும் கிடந்ததாம். வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் வேறு மாதிரி சொல்கிறார்: மணி இருக்கட்டும், கரடி மணிச் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் போய்விடும், தெரியாமல் எதிரே போய் நின்றால்தான் அடிக்கும். ஆக, கரடிக்கு மணி வேண்டும், சிறுத்தைக்குக் கூடாது. காட்டுமாட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார்.

அக்காவிடம் கேட்கலாம். அவள்தானே கட்டினாள். ஆனால் சிறுத்தை என்று ஆரம்பித்தால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தூங்க மாட்டாள். பகலில் மணி, இருட்டினால் கழற்றிவிடுவது என்று பதினொரு மணிக்கு முடிவு செய்தேன். அப்புறம் மூடுபனி ஞாபகம் வந்தது. அது பகலா, இருட்டா?

டிசம்பர் 30
மேகம். பனி இல்லை. போனும் இல்லை.

ஜனவரி 1
ஏற்றத்தில் மைனர் நிற்கிறது. நான்கு நாளாகக் கவனிக்கிறேன், அதே மூன்று இடங்கள். எல்லைக்கல், வளைந்த சீகை மரம், அப்புறம் 2019 ஆகஸ்டில் சரிந்த இடம். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையில் விழுந்த மண், இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. நின்றால் மோப்பமும் பிடிப்பதில்லை, காலும் தூக்குவதில்லை. திரும்பி உட்கார்ந்து என் கால்களைப் பார்க்கிறது. கயிற்றை இழுத்தாலும் வராது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே எழுந்து நடக்கும்.

வயசு என்று நினைத்தேன். ஆறு வயசு நாய். கோழியைத் துரத்தும்போது வயசு தெரியவில்லையே.

ஜனவரி 2
"காட்டுப் பூவரசு பூத்திருக்கா?" என்றாள் அக்கா, போனில். பூத்திருக்கிறது, சிவப்பாக, ஒரே மரம். செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடும் என்றும் சொன்னாள், அதே குரலில்.

ஜனவரி 3
கடிகாரம் பார்த்தேன். எல்லைக்கல்லில் ஒரு நிமிஷம். சீகை மரத்தடியில் இரண்டு. சரிவில் நான்கு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறக்கத்தில் எங்குமே நிற்கவில்லை.

சரிவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் தட்டையான இன்னொரு கல்லை யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள், உட்காரும் உயரத்துக்கு. அடியில் காலி மாத்திரை அட்டை ஒன்று. எழுத்து முழுக்க வெளுத்து, வெறும் வெள்ளித் தகடாக இருந்தது. நகத்தால் மண்ணைச் சுரண்டினேன், இன்னும் இரண்டு வந்தன.

தீபாவளிக்கு அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 4
பாறையில் நின்று இரண்டு தடவை அழைத்து, ரிங் போகுமுன் வைத்துவிட்டேன். கீழே பள்ளத்துத் தேயிலை கருகி, டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஜனவரி 5
மணியை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

ஜனவரி 6
செவ்வாய். எல்லைக்கல் தாண்டியதும் பாதையின் குறுக்கே காட்டுமாடு. தனிக் கடா. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. மூக்கிலிருந்து ஆவி வந்தது. மைனர் குரைக்கவில்லை, என் காலோடு ஒட்டிக்கொண்டது. மணி அடிக்காமல் கைக்குள் பிடித்துக்கொண்டேன். பித்தளை, விரல் ஒட்டிக்கொள்கிற சில்லிப்பு. இன்னொரு கையில் போன், ஒரு கோடுகூட இல்லை. முக்கால் மணி நேரம். அப்புறம் அதற்கே அலுத்துச் சீகைக் காட்டுக்குள் போய்விட்டது.

சரிவில் மைனர் உட்கார்ந்தபோது நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். உச்சியில் ஒரு மணி வரை இருந்தேன். அவளும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ரிங் போகிறது, யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 7
மைனர் தின்றுவிட்டது. பழைய சோறும் கருவாட்டுத் தலையும், தட்டை நக்கி வைத்துவிட்டது. மேலே போய்ச் சொல்ல வேண்டும்.