யாரோ எழுதிய கோடு: லாஸ்பேட்டை நாட்குறிப்பு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

புதுச்சேரியில் வெப்சைட்கள் செய்யும் எங்கள் ஆபீஸைக் காலையில் திறந்ததும் எல்லார் போனிலும் ஒரே செய்தி. நேற்று மாலை, நம் நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்பு, யாரோ எழுதிய ஜாவாஸ்க்ரிப்ட் கோடுகளை (code) பேக்கேஜ்களாக எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் என்பிஎம் (npm) கிடங்கில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களுக்குப் புது வெர்ஷன்கள் வந்திருக்கின்றன. வெளியிட்டது அவற்றைப் பராமரிப்பவர் இல்லை, அவர் கணக்கைக் கைப்பற்றியவன். மொத்தமாகப் பார்த்தால் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் டவுன்லோட் ஆகிற பேக்கேஜ்கள்.

பூட்டை உடைத்தெல்லாம் யாரும் உள்ளே வரவில்லை. என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு மெயில். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று மிரட்டல். முகவரி மட்டும் ‘.ஹெல்ப்’ என்று முடிந்திருக்கிறது. அவர் நம்பிவிட்டார். நடந்ததை ஒளிக்காமல் அவரே எல்லாரிடமும் சொன்னார். அந்த நேர்மை பெரிய விஷயம்.

நாங்கள் முதலில் திறந்தது, எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைல்களைத்தான் (lock file). டீபக்கை எந்த ப்ராஜெக்ட்டிலும் நாங்கள் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் ‘என்பிஎம் எல்எஸ் டீபக்’ என்று அடித்தால் எல்லா ப்ராஜெக்ட்டிலும் வந்து நிற்கிறது. நாங்கள் வாங்கிய எக்ஸ்பிரஸ் என்ற பேக்கேஜ் கூட்டி வருகிறது, பேபல் என்ற பேக்கேஜ் கூட்டி வருகிறது. திருடன் நச்சுக் கோட்டைச் சேர்த்தது டீபக்கின் 4.4.2 வெர்ஷனில், எங்களிடம் இருப்பதெல்லாம் அதற்கு முந்தையவை. நேற்று மாலை யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யவுமில்லை. தப்பித்தோம். இன்னொரு மாலையில் தப்பித்திருப்போமா என்று என்னால் சொல்ல முடியாது.

செப்டம்பர் 10, புதன்

அந்த நச்சுக் கோடு என்ன செய்கிறது என்று மத்தியானம் உட்கார்ந்து பார்த்தோம். பிரவுசருக்குள் ஓடி, வெப் பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. யாராவது கிரிப்டோ பணம் அனுப்பினால், போகவேண்டிய முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடுகிறது. அதிலும், தன்னிடமுள்ள முகவரிகளில் எது அசலோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதைக் கணக்குப் போட்டு எடுக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை.

வெளியே தெரிய வந்தது, கோட்டை ஓடத் தயாராக்கும் பில்ட் என்ற வேலையில் வந்த ஒரு பிழையால். ஜாவாஸ்க்ரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் (Node) மென்பொருளின் பழைய வெர்ஷனில், இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் ‘ஃபெட்ச்’ கிடையாது. நச்சுக் கோடு அதைத் தேடியதும் பில்ட் விழுந்துவிட்டது. அந்தப் பிழைச்செய்தியைத் தள்ளிவிட்டுப் போகாமல் ஒருவர் தோண்டிப் பார்த்திருக்கிறார்.

ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸ்காரர் போன் செய்தார். “நம்ம சைட்ல யாரும் பிட்காயின் கட்டறது இல்லியே தம்பி, நமக்கு என்ன?” நியாயமான கேள்வி. “இந்தத் தடவை அவன் தேடினது அதை சார். அதே இடத்துல உக்காந்து, ரூம் புக் பண்றவங்க டைப் அடிக்கிற பேரு, போன் நம்பர் எல்லாத்தையும் எடுத்திருக்கலாம்” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப அதை யார் பாத்துக்கறது?” என்றார். நான் இத்தனை நாள் எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

செப்டம்பர் 13, சனி

நேரு வீதி ஜவுளிக்கடைத் தளம் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. முன்பு செய்து கொடுத்தவர்கள் அதன்பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. சோர்ஸைத் திறந்தால் தலைப்பகுதியிலேயே பாலிஃபில் டாட் ஐஓ ஸ்க்ரிப்ட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழைய பிரவுசர்களில் புதிய வசதிகள் ஓடுவதற்காக ஒரு காலத்தில் ஊரே சேர்த்துக்கொண்ட வரி அது. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன், அதாவது இணைய முகவரி, கைமாறியது. அந்தச் சேவையை உருவாக்கியவரே உடனே எடுத்துவிடச் சொன்னார். ஜூனில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அதே வரி, மொபைலில் வந்தவர்களைச் சூதாட்டப் பக்கங்களுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தது. தளக்காரர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாறியது மறுமுனையில் இருந்த ஆள்.

டொமைனை அப்போதே முடக்கிவிட்டதால் இன்று அந்த வரியால் ஆபத்து இல்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது என்றால், யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? எடுத்துவிட்டோம். வெளி ஸ்க்ரிப்ட் கட்டாயம் வேண்டுமென்றால் ஃபைலின் கைரேகை போன்ற இன்டெக்ரிட்டி ஹேஷ் போட்டுத்தான் சேர்க்கவேண்டும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது. பாலிஃபிலில் அதையும் செய்ய முடியாது, பிரவுசருக்குத் தகுந்தபடி வேறு வேறு கோடு அனுப்பும் சேவை அது.

அந்தத் தளத்தில் இருக்கும் ஜேக்வெரி (jQuery) என்ற ஜாவாஸ்க்ரிப்ட் நூலகமும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்பட்ட 3.5-க்கு முந்தையது. அது தனி வேலை.

செப்டம்பர் 17, புதன்

இது போன வாரத்தைவிட மோசம். ஷாய்-ஹுலூத் என்ற புழு. பேக்கேஜை இன்ஸ்டால் செய்த நொடியிலேயே இன்ஸ்டாலோடு தானாகவே ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட் வழியாக ஓடுகிறது. டெவலப்பரின் கணினியில் இருக்கும், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டோக்கன்களையும் கிளவுட் சாவிகளையும் தேடி எடுத்து, கோடு வைக்கும் கிட்ஹப் தளத்தில் அவருடைய கணக்கிலேயே யாரும் பார்க்கக்கூடிய ரெப்போ (கோடுக் கிடங்கு) திறந்து கொட்டிவிடுகிறது. என்பிஎம் டோக்கன் கிடைத்தால், அவர் பராமரிக்கும் மற்ற பேக்கேஜ்களிலும் தன்னைச் சேர்த்து வெளியிடுகிறது. இப்படியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு.

பாகூரிலிருந்து வரும் தம்பி கேட்டான்: “அண்ணா, நம்ம கோட்ல இம்போர்ட் பண்ணாம சும்மா இன்ஸ்டால் மட்டும் பண்ணா?” அதுவே போதும். இன்ஸ்டால் என்பது ஃபைலை இறக்கி வைப்பது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். முன்பின் தெரியாதவர் எழுதிய கோடு, நம் பெயரில், நம் சாவிகள் கிடக்கும் கணினியில் ஓடுகிறது.

எல்லாக் கணினிகளிலும், ஸ்க்ரிப்ட்களைத் தானாக ஓடவிடாத ‘இக்னோர் ஸ்க்ரிப்ட்ஸ்’ போட்டுவிட்டோம். ஸ்க்ரிப்ட் இல்லாமல் ஓடவே ஓடாத பேக்கேஜ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றுக்கு மட்டும் தனி அனுமதி. சர்வரில் இனி இன்ஸ்டாலுக்கு ‘என்பிஎம் சிஐ’ கட்டளை மட்டும். அது லாக் ஃபைலில் இருப்பதைத் தாண்டாது. பழைய டோக்கன்களை ரத்து செய்து புதிதாக எடுத்தோம்.

செப்டம்பர் 20, சனி

தம்பி தேவையில்லாத பேக்கேஜ்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். தேதியை அழகாகக் காட்ட ஒன்று இருந்தது. பிரவுசரிலேயே இருக்கும் வசதி போதும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் நீக்கியதும் உலகம் முழுக்க பில்டுகள் விழுந்த கதையை அவனுக்குச் சொன்னேன். அடுத்த வருஷமே, அந்தப் பேக்கேஜ் செய்த வேலையைச் செய்யும் ‘பேட்ஸ்டார்ட்’ ஜாவாஸ்க்ரிப்டிலேயே வந்துவிட்டது. அதாவது, அன்றைக்கு வேண்டியிருந்தது இன்றைக்கும் வேண்டுமா என்று நடுவில் யாராவது பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

என்பிஎம்-ஐ நடத்தும் கிட்ஹப்பின் அறிவிப்பு வந்திருக்கிறது: என்பிஎம்-இல் வெளியிடும் டோக்கன்களுக்கு இனி குறுகிய ஆயுள்தான், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கடுமையாகும். வரவேண்டியதுதான்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவுக்கும் எனக்கும் இன்று நீண்ட விவாதம். புது வெர்ஷன் வந்து ஒரு வாரம் ஆகாமல் எடுக்கக்கூடாது என்றேன். 8ஆம் தேதி வந்த நச்சில் பெரும்பகுதி சுமார் இரண்டு மணி நேரத்தில் நீக்கப்பட்டுவிட்டது, காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கதையை எடுத்தார். அந்த நிறுவனம் பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் போடாமல் விட்டார்கள், மே மாதம் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள், 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் போயின. “காத்திருக்கறதும் ஆபத்துதான்பா” என்றார். அவர் சொன்னது சரி. பாதுகாப்புத் திருத்தம் என்றால் படித்துப் பார்த்து அன்றே போடுவது, மற்றதெல்லாம் ஒரு வாரம் ஆறட்டும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு தளத்துக்கும் பொறுப்பாக ஒருவர். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அக்காவின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

ஜவுளிக்கடையின் ஜேக்வெரி எனக்கு. அக்டோபர் 20 தீபாவளி. அங்கே ஆன்லைன் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பு முடித்தாக வேண்டும்.