ரெண்டு ஊசி போட்டும் குட்டி ஏன் தப்பவில்லை?

“அண்ணாச்சி, ரெண்டு ஊசி போட்டாச்சுல்லா, பெறவும் எப்படி ரத்தமாப் போயிச் செத்துச்சு?” சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று நாட்டுநாய் வளர்க்கும் நெல்லைச் சீமையில் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் பொய் சொல்லவில்லை. போட்ட தடுப்பூசியும் பெரும்பாலும் நல்ல ஊசியாகவே இருக்கும். கடைசி ஊசி எந்த வயதில் போட்டீர்கள் என்று கேட்டால் “ஒம்பதாவது வாரம்” என்பார். கோளாறு அங்கேதான்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். இருக்கிறவரை பார்வோ (குட்டிகளைக் கொல்லும் ரத்தப்பேதி), டிஸ்டம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் காய்ச்சல்) போன்ற நோய்களையும் தடுக்கும், ஊசியையும் தடுக்கும். ஊசியில் உள்ள வீரியம் குறைத்த வைரஸைக்கூட எதிரி என்றே அழித்துவிடும். நோயைத் தடுக்கப் போதாமல், ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவில் அது நிற்கும் சில நாட்கள்தான் ஆபத்தானவை. அது எந்த வாரம் என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் முந்திக்கொண்டு மடியைப் பிடித்த தடியனுக்குப் பதினைந்தாவது வாரம் வரைகூட இருக்கும். ஒதுங்கிக் கிடந்த நோஞ்சானுக்கு ஏழாவது வாரமே தீர்ந்திருக்கும். எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஆகவே எத்தனை ஊசி என்று எண்ணாதீர்கள். கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழுந்ததா என்று மட்டும் பாருங்கள்.

தேதியாகச் சொன்னால், ஜனவரி 15 தைப்பொங்கலன்று பிறந்த குட்டிக்கு பிப்ரவரி 26-இல் ஆறு வாரம். அன்று டிஸ்டம்பரும் பார்வோவும் மட்டும் உள்ள குட்டி ஊசி. மார்ச் 19, ஏப்ரல் 9, மே 7 தேதிகளில் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டு ஊசி. வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். மே 7 ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குட்டி கொழுகொழுவென்று ஓடியாடும், வெயிலும் கொளுத்தும், ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கும் மனம் வராது. தயவுசெய்து அதை மட்டும் விடாதீர்கள்.

ஊசிக்கு முன்னால் பூச்சி மருந்து. இரண்டாவது வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். இதற்கு எடை பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலான மாத்திரைகள் பத்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. இரண்டரைக் கிலோ குட்டிக்குக் கால் மாத்திரை. அட்டையில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துவிட்டு உடையுங்கள். தடுப்பூசிக்கு இந்த எடைக் கணக்கு கிடையாது. இரண்டு கிலோ குட்டிக்கும் நாற்பது கிலோ நாய்க்கும் ஒரே முழு அளவுதான். “சின்னக் குட்டிதானே, பாதி போடுங்க” என்று கேட்டால் பாதி ஊசி வீண், பாதிப் பாதுகாப்பு கிடைக்காது.

மாட்டாஸ்பத்திரிக்கோ, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகும்போது குட்டியை மடியைவிட்டு இறக்காதீர்கள். ரத்தப்பேதி கண்ட குட்டிகளும் அதே தரையில்தான் படுத்திருக்கும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் சாகாது. வீட்டில் ஒரு குட்டி இறந்திருந்தால் தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு (தூள் அல்ல) முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்தரைக்கு இது பலிக்காது. அங்கே புதுக்குட்டியை ஊசி எல்லாம் முடிந்த பிறகே கொண்டுவர வேண்டும்.

ஊசி போடுவதைக் கவனமாகப் பாருங்கள். ஒரு சின்னக் குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும், இன்னொன்றில் நீர். நீரை உறிஞ்சி வில்லையின் மேல் விட்டு, நுரை வராமல் சுழற்றி, உடனே போட வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்த மருந்து வேண்டாம். தோள்பக்கத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் ஊசி இறங்கும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தோல் மெல்லிசு. ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஊசி எடுத்ததும் அந்த இடத்து முடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மருந்து உள்ளே போகவில்லை; டாக்டரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். குப்பியின் ஸ்டிக்கர் குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டப்பட்டதா, காலாவதித் தேதி சரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். உடனே மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். ஒருநாள் சோர்வும், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டியும் சாதாரணம். காய்ச்சலோ பேதியோ இருக்கிற குட்டிக்கு அன்றைக்கு ஊசி வேண்டாம்.

மருந்தை டவுனில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு களக்காடு பஸ்ஸில் ஏறினால் இறங்கும்போது அது வெறும் தண்ணீர். ஐஸ்மேல் நேராக வைப்பதும் தப்பு. வெறிநோய் ஊசி உறைந்தால் கெட்டுவிடும். ஃப்ளாஸ்க்கில் ஐஸ், அதன்மேல் துணி, துணிக்குள் குப்பி. முடிந்தால் குட்டியைத்தான் மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வளர்ந்த நாய்க்குப் பழைய கணக்குத் தெரியாவிட்டால் கூட்டு ஊசி இரண்டு, இடையில் மூன்று நான்கு வாரம். வெறிநோய் ஊசி ஒன்று. அதன்பின் வருடா வருடம். எலிக்காய்ச்சல் பாதுகாப்பு ஒரு வருடத்துக்கு மேல் நம்பக்கூடியதல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் நடவும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும். வரப்பெல்லாம் எலி, பெருச்சாளி. அவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரை நாய் நக்கும். வயக்காட்டு நாய்க்குப் புரட்டாசிக்குள் அந்த ஊசியை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். சினை நாய்க்குக் கூட்டு ஊசி போடக்கூடாது. இணை சேர்க்கும் முன்பே போட்டுவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு இங்கே ஊசி கிடையாது, உண்ணியைத்தான் ஒழிக்க வேண்டும்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய் ஊசி இலவசமாகவே கிடைக்கும். பெரிய நாய்களைக் கூட்டிப் போங்கள். கூட்டு ஊசி முடியாத குட்டியை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். ஊசி போட்ட நாயே கடித்தாலும், பால்பல் கீறினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். நாயை அடித்து விரட்டிவிடாமல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். உங்கள் ஊசி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.