எடைக் குறைப்பு ஆபரேஷன் யாருக்குச் சரிப்படும்?

"95 கிலோ இருக்கேன், ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. உயரம் வேண்டும். 160 செ.மீ. என்றால் 95-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுங்கள், 37 வரும். அதுதான் பிஎம்ஐ. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, 35-ஐத் தொட்டால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். நமக்குத்தான் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறதே!

நம்பர் மட்டும் போதாது. நெஞ்செரிச்சல் இருக்கிறதா? ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலேறும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸ்தான் பொருந்தும்; அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது. ஆனால் பைபாஸ் செய்தபின் புகைபிடித்தால் குடல் இணைப்பில் புண் வரும் ஆபத்து கூடும். வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்யாமலே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறார்களா, அவசரப்படாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் நீராகாரம்தான். பிறகும் ஒரே இட்லியை இருபது நிமிடம் மென்று, தண்ணீரை அரை மணி கழித்துக் குடிக்க வேண்டும். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம். ரசம் சோற்றில் அது கிடைக்காது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. வாந்தி நிற்கவில்லை என்றால் பி1 குறைந்து கால் மரத்துப்போகலாம், உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும்.

ஐஸ்கிரீமும் மில்க்ஷேக்கும் எவ்வளவு சின்ன வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதுதான் உங்கள் பிரச்சினை என்றால் சர்ஜனுக்கு முன்னால் டயட்டீஷியனைப் பாருங்கள்.