மகிழடிச் சத்தியம்

மாசி மகத்துக்கு அத்தையோடு திருவொற்றியூர் போயிருந்தேன். தேரடி மெட்ரோவில் இறங்கி நேரே தியாகராஜர் கோயில். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்ததும் அத்தை வழக்கமான கதையை ஆரம்பித்தார். மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த இடம் அது. சந்நிதியில் சத்தியம் கேட்டால் நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று அவர் சாமியிடம் முன்னாலேயே பேசி வைத்திருந்தார். சாமியோ சங்கிலியாரின் கனவில் போய், "மகிழடியில் கேள்" என்று சொல்லிவிட்டார். பிறகு சுந்தரர் வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போனது.

"சாமிகிட்டயே சூதாடா?" என்று அத்தை சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த மகத்துக்குப் பிளாஸ்டிக் கொண்டு வர மாட்டேன் என்று போன வருஷம் கடற்கரையில் நானும் அவரிடம் சொல்லியிருந்தேன். கையில் மஞ்சப்பை இருந்தது, சரி. உள்ளே கற்பூரப் பாக்கெட், மஞ்சள், குங்குமம் பாக்கெட், ஊதுபத்தி உறை, பூவுக்கு ஒரு கவர். பைதான் துணி.

கடலோரத்தில் மணலைவிட அரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல்தான் அதிகம். தீர்த்தவாரிக் கூட்டம் கலைந்த பிறகு கல் இடுக்கில் குனிந்து பார்த்தேன். கிழிந்த தண்ணீர் பாக்கெட். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த சரக்கு. அதை ஒட்டி ஒரு கற்பூரப் பாக்கெட், மேலே அம்மன் படம், நிறம்கூட மங்கவில்லை. மிதிக்கக் கூசும் படத்தைக் கடலில் எறிய யாருக்கும் கூசவில்லை போலிருக்கிறது. எடுக்கக் கை நீட்டினேன். அலை முந்திக்கொண்டது.

"வுடு கண்ணு, அது எங்க போவப் போவுது? நாளிக்கு எங்க வலையிலதான் வந்து மாட்டும்" என்றார் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பாட்டி. "பங்குனி ஆமை முட்டை வெக்கக் கரையேற்ற நேரம் வேற. கவர சொறி மீனு, அதான் ஜெல்லி மீனுன்னு நெனச்சித் துன்னுடுது."

அத்தை ஒன்றும் சொல்லாமல் தன் பையைத் திறந்தார். வாழையிலையில் மடித்த பூ, சின்ன எவர்சில்வர் டப்பாவில் கற்பூரம்.

"இது எங்க கெடைச்சுது அத்த?"

"நாட்டு மருந்துக் கடையில. டப்பாவ நீட்டுனா நிறுத்துப் போடுவான். நீ கேட்டாத்தானே?"

என் பாக்கெட்டுகளை மஞ்சப்பையோடு சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அலையில் இறங்கினேன்.